உற்சவர் டயர்

சக்கரத்தைக் கண்டுபிடித்து ஐயாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கண்டுபிடித்த சக்கரத்தை முறையாகப் பராமரிக்க வேண்டும் என்ற ஞானம் மனித குலத்துக்கு வந்தது சென்ற வருஷம்தான். வந்த இடம் கும்மிடிப்பூண்டி சிப்காட். வந்த கம்பெனி எங்களுடைய வஜ்ரமணி ஃபாஸ்டனர்ஸ். அந்த ஞானோதயம் நடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தவன் அடியேன், மணவாளன், துணை மேலாளர், நிர்வாகம்.

இதைத் தற்பெருமை என்று யாரும் நினைக்கக் கூடாது. பெருமை முழுவதும் எங்கள் எம்.டி. திரு. ஆதிநாராயணன் அவர்களையே சேரும். அவருக்கு டயர் என்றால் உயிர். அவருடைய காரின் டயர்களுக்கு மாதம் தவறாமல் அலைன்மென்ட், பேலன்சிங். வாரம் தவறாமல் காற்று. அதுவும் சாதாரணக் காற்று அல்ல, நைட்ரஜன். எங்கள் சிப்காட்டில் காலையில் கொஞ்சம் ஆழமாக மூச்சு இழுத்தால் மத்தியானம் வரைக்கும் இருமலாம். மனிதர்களுக்கே கிடைக்காத சுத்தமான காற்றைத் தம் டயர்களுக்குத் தேடிக் கொடுத்தவரை என்னவென்று சொல்வது? 'டயர் வள்ளல்' என்று ஆயுத பூஜை பேனரில் போட்டோம். கூச்சப்பட்டார். பேனரை இன்னும் கொஞ்சம் உயரமாகக் கட்டச் சொன்னார்.

அவருடைய காரைத் தவிர கம்பெனிக்கு இன்னும் மூன்று கார்கள் உண்டு. வேலை செய்யும் பெண்களை ஊரிலிருந்து ஏற்றி வந்து, ஷிஃப்ட் முடிந்ததும் கொண்டுபோய் விடுகிற பெரிய கார்கள். எட்டுப் பேர் உட்காரலாம் என்று அந்தக் காரைச் செய்தவர்கள் நினைத்தார்கள். பன்னிரண்டு பேர் உட்காரலாம் என்று நாங்கள் நிரூபித்தோம். ஒன்று சோழவரம் வண்டி, ஒன்று திருப்பாச்சூர் வண்டி, ஒன்று அத்திப்பட்டு வண்டி.

அத்திப்பட்டு வண்டியின் டிரைவர் யேசுதாஸ். அவருடைய மனைவி ஜெபாவுக்கு எங்கள் பேக்கிங் பிரிவில் வேலை. தினமும் கணவர் ஓட்டுகிற அந்த வண்டியில்தான் வருவார். இது தற்செயல் அல்ல. எங்கள் போக்குவரத்துப் பொறுப்பாளர் சின்னராசு செய்த ஏற்பாடு.

"பொண்டாட்டி பின்னாடி குந்திக்கினு இருந்தா எவன் சார் வேகமா போவான்? பிரேக்கே தேவல" என்று அவர் விளக்கியபோது எம்.டி. எழுந்து நின்று கை குலுக்கினார். மற்ற கம்பெனிக்காரர்கள் இதற்காக வண்டிக்கு வண்டி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கி மாட்டிக்கொண்டு அவதிப்படுகிறார்கள்.

யேசுதாஸ் நல்ல மனிதர். குடிப்பதில்லை, லீவு போடுவதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை. அவரிடம் இருந்த ஒரே குறை, கண் நன்றாகத் தெரியும் என்பதுதான்.

ஒரு நாள் காலையில் என் அறைக்கு வெளியே வந்து நின்றார்.

"சார், கொஞ்சம் வந்து வண்டியப் பாருங்க சார்."

"என்னப்பா?"

"டயரு சார்."

"இருக்கிறதல்லவா?"

"இருக்குது சார். ரொம்ப நாளா அதே டயருதான் இருக்குது. அதான் பேஜாரு."

போனேன். முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார்.

"டயரு நல்லா கீதான்னு பாக்க, இந்தப் பள்ளத்துல காச சொருவிப் பாப்பாங்க சார். கொஞ்சமாச்சும் உள்ள முழுவணும். இங்க பாருங்க, சொருவறதுக்குப் பள்ளமே இல்ல. மொழுமொழுன்னு கீது. இந்தாண்ட பாருங்க, உள்ள கீற நூலே வெளிய வந்துட்டுது. மழை பேஞ்ச ரோட்டுல பிரேக்க அமுக்குனா வண்டி நிக்காம சறுக்கிக்கினு போவுது சார். பின்னாடி பன்னெண்டு பொம்பளைங்க கீறாங்க. நாலு டயரு மாத்திக் குடுங்க சார், புண்ணியமாப் போவும்."

கூர்ந்து பார்த்தேன். ஒரு வெள்ளை நூல் தெரிந்தது வாஸ்தவம்தான். ஆனால் பிரச்சினை என்று வந்தால் அதில் இருக்கிற பிரச்சினையைப் பார்க்கக் கூடாது, வாய்ப்பைத்தான் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு மகாபலிபுரத்தில் மூன்று வேளைச் சாப்பாட்டோடு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அதன்படி பார்த்தேன். வாய்ப்பு தெரிந்தது. உடனே ஒரு மீட்டிங்குக்கு ஏற்பாடு செய்தேன்.

மீட்டிங்கில் நான், சின்னராசு, எம்.டி., முந்திரி பிஸ்கட். யேசுதாஸைக் கூப்பிடவில்லை. தொழில்நுட்ப விஷயங்களில் உணர்ச்சிவசப்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாது.

எம்.டி.க்குப் பூர்வீகம் ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், ஆந்திரா. பிரியம் பொங்கும்போது 'நைனா' என்பார். அன்றைக்குப் பொங்கியது.

"நைனா மணவாளா, டயர் வாங்குறதை எவன் வேணும்னாலும் செய்வான். டப்பு இருந்தா போதும். டயரைப் பத்தி ஒரு கலாச்சாரத்தை உண்டாக்குறது இருக்கு பாரு, அதுக்கு மனசு வேணும்."

"யேசுதாஸ் நாலு டயர் கேட்கிறார் சார்."

"நாலு டயர் குடுத்தா நாலு டயர்தான் வரும். விழிப்புணர்வு குடுத்தா?"

"வரும் சார்."

"என்ன வரும்?"

"விழிப்புணர்வு வரும் சார்."

"அப்புறம் டயர் எதுக்கு?"

இப்படித்தான் 'டயர் நல வாரம்' பிறந்தது. இந்தியாவிலேயே முதல் முறையாக என்று பேனரில் போட்டோம். இரண்டாவது முறையாக வேறு யாரும் செய்யப்போவதில்லை என்ற நம்பிக்கையில்தான்.

அதே சமயத்தில் வட மாவட்டத் தொழில் பாதுகாப்புப் பேரவை என்ற ஓர் அமைப்பு 'சக்கர ரத்னா' என்று ஒரு விருதை அறிவித்திருந்தது. பணியாளர் வாகனங்களின் டயர்களைச் சிறப்பாகப் பராமரிக்கும் கம்பெனிக்கு. எம்.டி.க்கு அது வேண்டும். பிரச்சினை என்னவென்றால், பேரவையிலிருந்து நடுவர் ஒருவர் நேரில் வந்து மூன்று வண்டிகளின் டயர்களையும் பார்ப்பாராம்.

"பாக்கட்டும் சார்" என்றார் சின்னராசு. "எஃப்.சி.க்கு இன்னா பண்றோமோ அதயே பண்ணிக்கலாம்."

எங்கள் பக்கத்தில் ஓர் உயர்ந்த வழக்கம் உண்டு. வண்டியைத் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோகும் நாளில் ஹைவே ஓரத்து டயர் கடையில் நல்ல டயர்களாக நாலு வாடகைக்கு எடுத்து மாட்டுவது, காட்டுவது, சாயங்காலம் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவது. இதில் பலருக்குத் தப்பபிப்பிராயம் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். ஆபீசருக்குக் காட்டப்படும் டயர் ரோட்டில் ஓடிக் கஷ்டப்படுவதில்லை. ரோட்டில் ஓடும் டயர் ஆபீசர் முன்னால் நின்று அவமானப்படுவதில்லை. அவரவருக்கு முடிந்த வேலையை அவரவருக்குக் கொடுப்பதுதானே நிர்வாகம்?

"ஆனா ஒவ்வொரு வாட்டியும் வாடகைக்கு அலையறது பேஜாரு சார்" என்றார் சின்னராசு. "கம்பெனிக்குன்னு ஒரு செட்டு வாங்கி ஸ்டோர்ல வெச்சிக்கலாம். ஆளு வந்தா மாட்டு, போனா கழட்டு. கோயில்ல மூலவரு, உற்சவருன்னு ரெண்டு இல்லியா? அந்த மாதிரி."

எம்.டி.யின் கண் கலங்கிவிட்டது. அவர் பக்திமான். அன்றைக்கே நான்கு புத்தம் புதிய டயர்களுக்கு உத்தரவு போட்டார். யேசுதாஸ் கேட்டதும் நான்குதான் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். தொழிலாளர் கோரிக்கையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிய நிர்வாகம் எங்களுடையது.

உற்சவர் டயர்கள் ஸ்டோர் ரூமில் பலகை மேல் எழுந்தருளின. சந்தனம், குங்குமம் வைத்து, மேலே சுத்தமான துணி போர்த்தி, எலி வராமல் சுற்றிலும் மருந்து வைத்தோம். காற்று நைட்ரஜன்தான். யேசுதாஸ் ஒரு நாள் வந்து துணியை விலக்கிப் பார்த்தார். பள்ளத்தில் காசைச் சொருகினார். காசு முழுகியது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சார், மழை வர்ற மாதிரி கீது. இன்னிக்கு ஒரு நாளு இத மாட்டிக்கினு போவட்டா?"

"தேய்ந்துபோய்விடுமே யேசுதாஸ்!" என்றேன்.

அவர் துணியைப் போர்த்திவிட்டுப் போனார்.

டயர் நல வாரம் கோலாகலமாக நடந்தது. முதல் நாள் உறுதிமொழி. 'தினமும் என் காரின் டயரில் காற்றைச் சரிபார்ப்பேன், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர்களை இடம் மாற்றுவேன்' என்று ஷிஃப்டில் இருந்த அத்தனை பேரும் கை நீட்டிச் சொன்னார்கள். சொன்னவர்களில் யாரிடமும் கார் கிடையாது. கார் வைத்திருந்த எம்.டி. அன்றைக்குத் திருப்பதியில் இருந்தார். இரண்டாம் நாள் வாசகப் போட்டி. 'டயரைக் காப்போம், உயரைக் காப்போம்' என்று எழுதியவருக்கு முதல் பரிசு. எழுத்துப் பிழையோ என்று சந்தேகம் வந்தது. எதுகைக்காக மன்னித்தோம்.

மூன்றாம் நாள் பெண்களுக்குக் கோலப் போட்டி. தலைப்பு, 'நான் விரும்பும் டயர்'. ஒருவர் மயில் வைத்து டயர் போட்டார். ஒருவர் தாமரைக்குள் டயர் போட்டார். ஜெபா கரித்தூளால் ஒரு கறுப்பு வட்டம் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

"என்னம்மா, டிசைனே இல்லையே?" என்றேன்.

"எங்க வண்டி டயரு சார். பாத்துட்டு வந்துதான் போட்டேன்."

"நடுவில் இந்த வெள்ளைக் கோடு?"

"நூலு சார்."

பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். கலையில் எளிமை என்பதும் ஒரு பாணிதான் என்று கருதி ஆறுதல் பரிசு கொடுத்தோம். டயர் வடிவத்தில் ஒரு சாவிக்கொத்து. ஜெபா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பள்ளம்லாம் சூப்பரா கீது சார். இத வண்டில மாட்ட முடியுமா?" என்று கேட்டார். அவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை.

வாரத்தின் கடைசி நாள் நடுவர் வந்தார். டாக்டர் அன்புசெல்வன். எதில் டாக்டர் என்று கேட்கும் வழக்கம் எங்கள் வட்டாரத்தில் இல்லை. கையில் பள்ளத்தை அளக்கும் கருவி, காற்றை அளக்கும் கருவி, ஒரு சாக்பீஸ். பார்த்து முடித்த டயரில் சாக்பீஸால் ஒரு டிக் போடுவாராம். அவ்வளவு கறார்.

இருந்தது ஒரே செட். காட்ட வேண்டியது மூன்று வண்டி. சின்னராசு ராணுவத் திட்டம் வகுத்திருந்தார். மூன்று வண்டிகளையும் மூன்று மூலைகளில் நிறுத்தியாகிவிட்டது. அத்திப்பட்டு வண்டி கேட் பக்கம், திருப்பாச்சூர் வண்டி கேன்டீனுக்குப் பின்னால், சோழவரம் வண்டி கோடவுன் பக்கம். ஒன்றைப் பார்த்து முடித்ததும் நடுவரை நான் நகர்த்திக்கொண்டு போய்விட வேண்டும். அந்த இடைவெளியில் உற்சவர் ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொரு வண்டியில் ஏறிவிடுவார். நாங்கள் போல்ட் செய்கிறவர்கள். போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேகத்தில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

முதலில் அத்திப்பட்டு வண்டி. நடுவர் குனிந்தார், அளந்தார், நிமிர்ந்தார்.

"அற்புதம்! நேத்து வாங்கின மாதிரி இருக்கு."

"பராமரிப்பு சார்" என்றார் எம்.டி., அடக்கமாக.

நாலு சக்கரத்திலும் டிக் விழுந்தது. கதவோரம் நின்ற யேசுதாஸ் அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவரை நான் கேன்டீனுக்கு அழைத்துப் போனேன். நாஷ்டா. இட்லி, வடை, பொங்கல். அவர் இரண்டாவது வடை கேட்டபோது எனக்குக் கடவுள் நம்பிக்கை அதிகமாயிற்று. காப்பியை ஆற்றி ஆற்றிக் கொடுத்தேன். சின்னராசு வாசலில் வந்து நெற்றி வியர்வையைத் துடைத்துத் தலையசைத்ததும் எழுந்தோம்.

திருப்பாச்சூர் வண்டி. நடுவர் குனிந்தார். நிமிரவில்லை.

"இதில் ஏற்கெனவே டிக் இருக்கே?"

சாக்பீஸைத் துடைக்க மறந்துவிட்டார்கள்.

"அது எங்க இன்டர்னல் ஆடிட் டிக்கு சார்" என்றார் சின்னராசு, கண் கூடச் சிமிட்டாமல்.

"என் டிக் மாதிரியே இருக்கு."

"தரம் ஒரே மாதிரி இருந்தா டிக்கும் ஒரே மாதிரிதான் சார் இருக்கும்."

"இவ்வளவு ஒழுங்கு நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்று நடுவர் அதே டிக்கின் மேலேயே இன்னொரு டிக் போட்டார்.

பிறகு இளநீர், கம்பெனிப் பிள்ளையாருக்குத் தீபாராதனை, எம்.டி.யின் வாழ்க்கை வரலாற்றில் முதல் பாகம். சோழவரம் வண்டியும் அதே டயர்களோடு அமோகமாகத் தேறியது. நடுவர் தம் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு, "விருது உங்களுக்குத்தான். சந்தேகமே வேண்டாம்" என்றார். எம்.டி. சால்வையை எடுத்தார். எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

சோழவரம் என்ற பெயர்தான் கெடுத்தது.

"சோழவரம்!" என்றார் நடுவர். முகமே மாறிவிட்டது. "காலேஜ் படிக்கிறப்போ அங்கே கார் ரேஸ் பார்க்க சைக்கிள்லயே போயிருக்கேன். அந்த டிராக் கிட்ட ஒரு தடவை போய்ட்டு வந்தா என்ன? இந்த டயர்களோட ரோட் கிரிப்பையும் பார்த்த மாதிரி இருக்கும். முதல்ல பார்த்தோமே, அத்திப்பட்டு வண்டி, அதுலயே போவோம்."

அந்த நேரத்தில் உற்சவர் இருந்தது சோழவரம் வண்டியில். அத்திப்பட்டு வண்டியில் மூலவர்.

"அந்த வண்டி வேண்டாம் சார், ஏ.சி. இல்லை" என்றேன்.

"காற்று வரட்டும்."

"இந்த வண்டி பக்கத்திலேயே இருக்கிறது சார்."

"முதல் வண்டிதான் மனசுக்குப் பிடிச்சுது."

எம்.டி. என்னைப் பார்த்தார். நான் சின்னராசுவைப் பார்த்தேன். சின்னராசு திடீரென்று ஞாபகம் வந்தவர் போல ஸ்டோரை நோக்கி ஓடிவிட்டார். உண்மையைச் சொன்னால் விருது போய்விடும். சொல்லாவிட்டால் போவது என்ன என்று யோசிக்க அவகாசம் இல்லை. ஏறினோம். நடுவர் முன்னால், நானும் எம்.டி.யும் பின்னால். எம்.டி. கம்பெனி வண்டியில் ஏறியது அதுதான் முதல் முறை. சரித்திரச் சிறப்பு வாய்ந்த அந்தத் தருணத்தில் அவர் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஹைவேயில் ஏறியதும் தூறல் பிடித்தது. வண்டி மாட்டு வண்டிக்கு வழிவிட்டுப் போனது.

"என்னப்பா இது, ஊர்வலமா?" என்றார் நடுவர். "எண்பதுல போ. கிரிப் பார்க்கணும்."

"மெதுவாகப் போவதுதான் எங்கள் கம்பெனிப் பண்பாடு சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அட, ஒரு அழுத்து அழுத்துப்பா!"

"முடியாது சார்" என்றார் யேசுதாஸ்.

"ஏன்?"

"உங்க ஊட்லயும் ஆளுங்க இருப்பாங்க இல்ல சார், அதான்."

கவரைப்பேட்டையைத் தாண்டி ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினார். இறங்கிப்போய் நடுவரின் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"எறங்கி முன்னாடி டயர ஒரு வாட்டி பாருங்க சார். நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேன்றாங்க. நீங்க படிச்சவரு."

நடுவர் இறங்கினார், குனிந்தார். கருவியை எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. நூல் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"இது நான் காலையில் பார்த்த டயர் இல்லையே!"

எம்.டி. வாய் திறப்பதற்குள் யேசுதாஸ் சொல்லிவிட்டார். ஒரு செட், மூன்று வண்டி, வடை, இளநீர், எல்லாவற்றையும். பத்து வரிகூட இருக்காது. எம்.டி.யின் முகம் வெளுத்தது. விருது போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நடுவரைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

"நான் மார்க் போட்டது அந்த டயருக்கு. அந்த டயர் இப்பவும் நல்ல டயர்தானே?"

"தங்கமான டயர் சார்!" என்றார் எம்.டி.

"அப்போ என் தீர்ப்பில் தப்பில்லை. ஆனா இந்த வண்டியில இனி ஒரு அடி கூட நான் வர மாட்டேன். இது கொலைக்களம் சார். உயிர் மேல ஆசை இருக்கிறவன் ஏறுவானா?"

"சத்தியமான பேச்சு" என்றார் எம்.டி. இறங்கி, வண்டியிலிருந்து தள்ளியே நின்றுகொண்டார். நானும் இறங்கினேன். எம்.டி.யின் சொந்தக் கார் வரும்வரை டீக்கடையில் பஜ்ஜி சாப்பிட்டபடி டயர் பாதுகாப்பு பற்றி ஆழமாக விவாதித்தோம். தேய்ந்த டயரில் பயணம் செய்வது தற்கொலைக்குச் சமம் என்று மூவரும் ஒருமனதாக முடிவுக்கு வந்தோம்.

நைட்ரஜன் கார் வந்தது. நடுவர் ஏறினார், எம்.டி. ஏறினார், சால்வையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று நானும் ஏறினேன். அப்போது எம்.டி. கண்ணாடியை இறக்கினார். எத்தனை நெருக்கடியிலும் தொழிலாளர்களை மறக்காத மனசு அவருக்கு.

"யேசுதாஸ், ஷிஃப்ட் விடுற நேரம் ஆச்சு. சீக்கிரம் போய் லேடீஸை ஏத்திக்கோ. காத்துக்கினு இருப்பாங்க."

"எந்த வண்டில சார்?"

"இதுலதான். வேற எதுல?"

யேசுதாஸ் அவரைப் பார்த்தார். நடுவரைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நடுவர் செல்போனில் ஏதோ முக்கியமாகத் தேட ஆரம்பித்தார்.

"நான் ஓட்ட மாட்டேன் சார்."

எம்.டி. நொந்துபோய்விட்டார். "பன்னெண்டு பொம்பளைங்க, மழையில, எப்படிப்பா வீட்டுக்குப் போவாங்க? உனக்கு மனிதாபிமானமே கிடையாதா?"

யேசுதாஸ் வண்டியைப் பூட்டினார். சாவியை ஜன்னல் வழியாக எம்.டி.யின் மடியில் போட்டார். போனை எடுத்து அங்கேயே நின்று பேசினார். "ஜெபா, வண்டி வராது. எல்லாரையும் இட்டுக்கினு ரயிலுக்குப் போயிடு. ஆமா, இனிமேட்டுக்கும் வராது." பிறகு மழையில் நடக்க ஆரம்பித்தார். பின்கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபப்பட வேண்டிய பதவியில் இருந்ததால் கோபப்பட்டுக்கொண்டேன்.

சக்கர ரத்னா விருது விழா திருவள்ளூரில் சிறப்பாக நடந்தது. எம்.டி. ஏற்புரையில் தழுதழுத்தார். கேடயம் இப்போது எங்கள் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் கீழே உற்சவர் டயர்களையும் வைத்துவிட்டோம், பார்க்கிறவர்களுக்கு ஓர் உத்வேகமாக இருக்கட்டும் என்று.

அத்திப்பட்டுப் பெண்கள் சில நாள் ரயிலில் வந்தார்கள். ரயில் வருகிற நேரமும் ஷிஃப்ட் தொடங்குகிற நேரமும் ஒத்துப்போகவில்லை. நேரம் தவறினால் அரை நாள் சம்பளம் பிடிப்போம் என்பதை அன்போடு நினைவூட்டினோம். திரும்ப வண்டியில் ஏறிவிட்டார்கள். அதே வண்டி, அதே டயர், புது டிரைவர். இவருடைய மனைவி எங்கள் கம்பெனியில் இல்லை. நன்றாக வேகமாக ஓட்டுகிறார். ஜெபாவும் அதில்தான் வருகிறார். வீட்டில் இப்போது அவருடைய சம்பளம் ஒன்றுதானே.

யேசுதாஸ் மேல் துறை விசாரணை. குற்றச்சாட்டு, பெண் தொழிலாளர்களின் பாதுகாப்பில் அக்கறையின்மை. விசாரணை அதிகாரி நான்தான். நடுநிலை தவறாமல் நடத்தினேன். ஓட்ட மறுத்தது உண்மையா என்று கேட்டேன், உண்மை என்றார். சாவியை மடியில் போட்டது உண்மையா என்று கேட்டேன், உண்மை என்றார். அந்த வண்டி பெண்கள் பயணம் செய்யத் தகுதியானதுதான் என்று நிர்வாகத் தரப்பு அறிக்கையை வாசித்துக் காட்டினேன். கடைசியில், விதிப்படி, அவர் ஏதாவது கேட்க விரும்புகிறாரா என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு சார். பன்னெண்டு பொம்பளைங்க போலாம்னு சொல்ற வண்டிலேர்ந்து அன்னிக்கு நீங்க ஏன் சார் எறங்குனீங்க?"

இது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கேள்வி. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கேள்விகளை டயர் நல வாரத்தில் மட்டுமே எழுப்பலாம் என்று விளக்கி, அதை நிராகரித்தேன். அடுத்த டயர் நல வாரம் ஜனவரியில் வருகிறது. அப்போது யேசுதாஸ் எங்கள் கம்பெனியில் இருக்க மாட்டார். அந்த வண்டியில் வருகிற பெண்கள் இருந்தால், அவர்கள் கேட்கட்டும்.